கோத்தகிரி தேயிலைத் தோட்டத்து அழுத்தத் தாளில் டோங்கா கடலடி எரிமலை: ஒரு நிகழ்வு ஆய்வு

2022 ஜனவரியில் கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்ட ஆபீஸில் இருந்த பழைய பாரோகிராஃப் (காற்றழுத்தத்தைத் தாளில் கோடாகப் பதியும் கருவி), தாளில் இரண்டு விசித்திரமான வெட்டுகளைப் போட்டது. கருவி கெட்டுவிட்டது என்றுதான் முதலில் நினைத்தார்கள். அந்த வெட்டுகள் எங்கிருந்து வந்தன என்று கண்டுபிடித்த விதம், அதே நாட்களில் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் பரவிய பயத்தை எதிர்கொண்ட விதம், இரண்டையும் தொடக்கத்திலிருந்து இங்கே பதிவு செய்கிறேன். இந்தப் பகுதியில் அறிவியல் ஆசிரியராக இருப்பதால் இரண்டிலும் எனக்குப் பங்கு இருந்தது. தோட்டத்தின் பெயரையும் ஆட்களின் பெயர்களையும் தவிர்த்திருக்கிறேன்.

பின்னணி

நீலகிரியில் மழைக்கணக்கு எழுதாத தேயிலைத் தோட்டம் அபூர்வம். கொழுந்து வரத்து, உரம், கவாத்து என எல்லாமே மழையைப் பார்த்துத்தான். இந்தத் தோட்டத்திலும் மழைமானி, வெப்பமானிகள், தடித்த அட்டை போட்ட பதிவேடு எல்லாம் உண்டு. கூடவே ஆபீஸ் அலமாரிக்கு மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு பாரோகிராஃப். உள்ளே காற்று நீக்கிய உலோகச் சிமிழ்கள் அடுக்கியிருக்கும். வெளிக்காற்றின் அழுத்தம் கூடினால் சிமிழ்கள் அமுங்கும், குறைந்தால் விரியும். அந்த அசைவை ஒரு நீண்ட கை பெரிதாக்கி, அதன் நுனியிலுள்ள மைப்பேனா சுழலும் உருளையில் கோடு போடும். உருளை சாவி கொடுத்த கடிகாரத்தில் ஓடுகிறது. ஒரு சுற்றுக்கு ஒரு வாரம்.

மலையில் இப்படிப்பட்ட கருவிக்கு ஒரு சிக்கல் உண்டு. கடல்மட்டத்தில் அழுத்தம் 1,010 ஹெக்டோபாஸ்கலை ஒட்டி இருக்கும். கோத்தகிரி உயரத்தில் 820 வாக்கில்தான். கடலோர ஊர்களுக்கு அச்சிட்ட தாளைச் சுற்றினால் பேனா தாளுக்கு வெளியே கீழே போய்விடும். அதனால் யாரோ எப்போதோ திருகாணியைத் திருப்பிப் பேனாவைத் தாளின் நடுவுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். எனவே தாளில் அச்சிட்ட எண்ணை நம்ப முடியாது. கூடியதையும் குறைந்ததையும் மட்டும் நம்பலாம்.

கருவியைப் பார்த்துக்கொண்டவர் ஆபீஸ் கிளார்க், ஓய்வுக்கு நெருங்கிய வயது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பத்தில் பிறந்து இந்த மலையிலேயே வளர்ந்தவர். திங்கள்தோறும் காலை 8 மணிக்குப் பழைய தாளை எடுத்துப் புதியதைச் சுற்றி, சாவி கொடுத்து, பேனாவுக்கு ஒரு சொட்டு மை விடுவார். பழைய தாளின் பின்புறம் தேதியும் நேரமும் எழுதி ஃபைலில் சேர்ப்பார். யாரும் அவரிடம் கேட்டதில்லை. அவராகவே வைத்துக்கொண்ட ஒழுங்கு அது. பின்னால் நாங்கள் போட்ட கணக்கு எல்லாம் அதன் மேல்தான் நின்றது.

ஜனவரி 17, திங்கள்: கண்டது

அந்த வாரம் பொங்கல். 15-ஆம் தேதி சனிக்கிழமை மாட்டுப் பொங்கல், ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. 16 ஞாயிறு கொரோனா காரணமாகத் தமிழகம் முழுக்க முழு ஊரடங்கு. திங்கள் காலை கிளார்க் தாளைக் கழற்றியபோது சனி இரவுப் பகுதியில் ஒரு வெட்டு தெரிந்தது. ஞாயிறு முற்பகலில் அதைவிடச் சின்னதாக இன்னொன்று.

நம் பகுதியில் அழுத்தக்கோடு ரொம்ப ஒழுங்கானது. புயல் ஏதும் இல்லையென்றால் தினமும் காலை 10 மணி வாக்கில் ஒரு மேடு, மாலை 4 மணிக்கு ஒரு பள்ளம், இரவு 10-க்கு மறுபடி மேடு, விடியற்காலை 4-க்கு மறுபடி பள்ளம். வெயிலின் சூட்டில் வளிமண்டலமே நாளுக்கு இரண்டு முறை இப்படி ஏறி இறங்குகிறது. சனி இரவும் கோடு வழக்கம்போல் ஏறிக்கொண்டிருந்தது. அந்த ஏற்றத்தின் நடுவில் திடீரென ஒரு சின்னத் துள்ளல் மேலே, உடனே அதைவிட ஆழமாக ஒரு இறக்கம், பிறகு சில நடுக்கங்கள், அப்புறம் பழைய பாதை. உயரம் ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேல். அகலம் தாளில் ஒரு மில்லிமீட்டர் சொச்சம்.

கிளார்க் பதிவேட்டில் “பேனா உதறல், கருவி பழுது பார்க்கணும்” என்று எழுதிவிட்டார். பெட்டிக்குப் பக்கத்தில் எலி ஓடியிருக்கும் என்பது அவருடைய ஊகம். தோட்டத்து ஆபீஸ்களில் எலிக்குக் குறைவில்லை, ஊகம் நியாயமானதுதான். பழைய கருவியைத் தூக்கிவிட்டு டிஜிட்டல் வாங்கலாம் என்று மேனேஜர் முன்பே சொல்லியிருந்ததால், இதுதான் கடைசி ஆண்டு என்றும் முடிவாகிவிட்டது. ஆனாலும் தாளைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பினார். எங்கள் பள்ளி அறிவியல் மன்ற மாணவர்கள் இரண்டு ஆண்டுகளாக அவருடைய மழைக்கணக்கை நகலெடுத்து வரைபடம் போட்டு வந்தார்கள். அந்தப் பழக்கத்தில் அனுப்பியது.

அதே காலையில் லைன் வீடுகளில் நடந்தது

பசிபிக் தீவு நாடான டோங்காவில் சனிக்கிழமை நடந்த கடலடி எரிமலை வெடிப்பின் செயற்கைக்கோள் வீடியோ அதற்குள் எல்லார் செல்போனுக்கும் வந்துவிட்டது. கடலுக்குள்ளிருந்து ஒரு சாம்பல் குடை விரியும் காட்சி. அதோடு ஒரு குரல் பதிவும் சுற்றியது. தமிழ்நாட்டுக் கடற்கரைக்குச் சுனாமி வருகிறது, பூமிக்கடியில் நெருப்பு ஓடுவதால் மலைகளும் வெடிக்கும், நீலகிரிக்காரர்கள் இறங்கிவிட வேண்டும் என்று யாரோ பதற்றமாகப் பேசியிருந்தார்.

கொழுந்து பறிக்கும் ஒரு அம்மாவின் மகள் நாகப்பட்டினம் பக்கம் வாழ்க்கைப்பட்டிருந்தார். 2004 டிசம்பர் 26-ஐப் பார்த்த குடும்பம். மகளைப் பிள்ளைகளோடு உடனே மேலே வரச் சொல்லி அவர் அழுதுகொண்டிருந்ததாக மேஸ்திரி சொன்னார். இன்னொரு வீட்டில், சமையலறைத் தரையில் போன மழையில் விட்ட விரிசலை எரிமலை வாய் என்று நம்பத் தொடங்கியிருந்தார்கள்.

முதல் முடிவு: தாளையும் கருவியையும் தொடாமல் வைப்பது

போட்டோவைப் பார்த்ததும் எனக்கு டோங்கா நினைவு வந்தது. ஆனால் நினைவு வந்ததைச் சொல்லாமல் கிளார்க்கிடம் இரண்டு மட்டும் கேட்டேன். “அண்ணே, தாளில் எதையும் எழுதாதீங்க, தேய்க்காதீங்க. கருவியைப் பழுதுபார்க்க அனுப்பாதீங்க.” அவர், “பேனா முள்ளையாவது துடைக்கலாமா சார்?” என்று கேட்டார். அதுவும் வேண்டாம் என்றேன். பேனா ஒட்டிக்கொண்டு உதறியதா என்று சோதிக்க வேண்டுமானால் அது அன்றைக்கு இருந்த நிலையிலேயே இருக்க வேண்டும்.

டோங்கா என்று சொல்லாததற்குக் காரணம் இருந்தது. பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால், தாளைப் படிப்பவர் கண் அந்த நேரத்தை நோக்கியே போகும். நேரத்தைத் தாளிலிருந்து தனியாக எடுத்து, அப்புறம்தான் வெடிப்போடு ஒப்பிட வேண்டும் என்பது என் எண்ணம்.

இரண்டாவது முடிவு: எலியா, கதவா, காற்றா?

பள்ளி மூடியிருந்தது. அருகில் குடியிருக்கும் மாணவர்கள் சிலர் மட்டும் முகக்கவசத்தோடு ஆபீஸுக்கு வந்தார்கள். பழைய தாள் ஒன்றை உருளையில் சுற்றி அலமாரியைத் தட்டிப் பார்த்தோம். கதவை அறைந்து சாத்தினோம். கணக்குப் பேரேடுகளை மேசைமேல் தொப்பென்று போட்டோம். ஒவ்வொரு முறையும் பேனா மேலும் கீழும் ஒரே இடத்தில் துடித்து, முடி போன்ற மெல்லிய கீறல் விட்டது. அதற்கு அகலமே இல்லை. சனி இரவு வெட்டுக்கோ அகலம் இருந்தது. அரை மணி நேரத்துக்கு மேல் நீடித்த ஒன்றுதான் அந்த அகலத்தைத் தர முடியும். எந்த எலியும் அலமாரியை அரை மணி நேரம் ஒரே சீராக ஏற்றி இறக்காது.

அடுத்த சந்தேகம் இடிமழை. மழை மேகத்துக்கடியில் குளிர்காற்று கொட்டும்போது அழுத்தம் சட்டென்று எகிறும், தாளில் இதே மாதிரி மூக்கு விழும். ஆனால் அந்த இரண்டு நாளும் மழைமானி காய்ந்து கிடந்தது, வெப்பநிலைப் பதிவிலும் மாற்றமில்லை. மாதமோ உறைபனி மாதம். இந்தச் சந்தேகமும் விழுந்தது.

மூன்றாவது முடிவு: நேரத்தைத் தாளிலிருந்தே எடுப்பது

இதுதான் கடினமான பகுதி. மற்றவர்களுக்கு அதிகம் உதவப் போவதும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

பாரோகிராஃப் தாளில் மணிக்கோடுகள் நேராக இருக்காது. பேனாவின் கை ஒரு அச்சில் சுழல்வதால் கோடுகள் வில்லாக வளைந்திருக்கும். ஒரு மாணவி ஸ்கேலை நேராக வைத்துப் படித்தபோது வெட்டு இரவு 9.10 என்று வந்தது. வளைவைப் பின்பற்றிப் படித்தபோது 8.20. ஐம்பது நிமிட வித்தியாசம், தாளில் ஒன்றரை மில்லிமீட்டர்! வாரத் தாளில் ஒரு மணி நேரம் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை என்பதை மாணவர்கள் அப்போதுதான் உணர்ந்தார்கள்.

அப்புறம் கடிகாரம். கிளார்க் தாளைக் கழற்றியது செல்போன் நேரப்படி காலை 8.00. அப்போது பேனா நின்ற இடம் 7.35. இதை அவர் தாளின் பின்னால் எழுதியிருந்தார். முந்தைய திங்கள் சரியான நேரத்தில் தொடங்கிய உருளை ஒரு வாரத்தில் 25 நிமிடம் பிந்தியிருக்கிறது. சீராகப் பிந்தியது என்று வைத்துக்கொண்டால் சனி இரவு வரை ஏறக்குறைய 20 நிமிடம். ஆக முதல் வெட்டு 8.40, கால் மணி முன்னே பின்னே. இரண்டாவது, ஞாயிறு காலை 10.15-ஐ ஒட்டி.

இந்த எண்களைக் கரும்பலகையில் எழுதி வைத்த பிறகுதான் டோங்காவைப் பற்றிப் பேசினோம்.

நான்காவது முடிவு: எரிமலையிலிருந்து முன்னோக்கிக் கணக்கிடுவது

முதன்மை வெடிப்பு ஜனவரி 15, நம் நேரப்படி காலை 9.45 வாக்கில். பள்ளி உலக உருண்டையின் முழுச் சுற்று 94 செ.மீ. டோங்காவில் ஒரு முனையும் நீலகிரியில் மறுமுனையுமாக நூலை இழுத்துப் பிடித்தால் 29 செ.மீ. நூல் ஆஸ்திரேலியாவின் வட முனைக்கு அருகாகவும் சுமத்திரா வழியாகவும் வந்தது. பூமியின் சுற்றளவு 40,000 கி.மீ. என்று வைத்தால் தொலைவு 12,300 கி.மீ.

இப்படிப்பட்ட பெருவெடிப்பு, தரையிலிருந்து மேல் வரை வளிமண்டலத்தையே ஒரு தள்ளு தள்ளுகிறது. அந்த அழுத்த அலை ஒலியின் வேகத்தை ஒட்டி, வினாடிக்கு 310 முதல் 320 மீட்டர் வேகத்தில், நிலத்தையும் கடலையும் தழுவிக்கொண்டு ஓடுகிறது. மணிக்கு 1,130 கி.மீ. என்று எடுத்தால் நீலகிரிக்கு 10 மணி 53 நிமிடம். காலை 9.45-உடன் கூட்டினால் இரவு 8.38.

மாணவர்கள் கத்திய சத்தம் ஃபேக்டரி வரை கேட்டிருக்கும்.

இரண்டாவது வெட்டுக்கும் அங்கேயே விடை கிடைத்தது. அலை எல்லாத் திசையிலும் போகிறது. உருண்டையின் மறுபக்கமாகச் சுற்றி வரும் பாதை 27,700 கி.மீ. கணக்கு ஞாயிறு காலை 10.16 என்கிறது. தாளில் 10.15. ஆனால் அது தினசரி மேட்டின் உச்சியில், கோடு வளையும் இடத்திலேயே விழுந்திருக்கிறது. இதைப் பார்த்த ஒரு கல்லூரி இயற்பியல் பேராசிரியர், முதல் வெட்டை ஒப்புக்கொண்டாலும் இரண்டாவதை ஏற்கத் தயங்கினார். அவர் தயக்கம் சரியென்றே படுகிறது. முதலாவது உறுதி, இரண்டாவது பெரும்பாலும் என்றுதான் எங்கள் குறிப்பிலும் எழுதினோம்.

குன்னூரில் ஒரு தங்கும் விடுதிக்காரர் வைத்திருந்த டிஜிட்டல் வானிலைக் கருவி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு செய்கிறது. அவரிடம் கேட்டு வாங்கிய பட்டியலிலும் சனி இரவு 8.35-க்கும் 8.45-க்கும் இடையில் அதே துள்ளல் இருந்தது. இரண்டு ஊர், இரண்டு கருவி, ஒரே நேரம். அத்தோடு எலி வழக்கு முடிந்தது. சென்னை அழுத்தமானிகளிலும் அன்று இரவு இந்த அலை பதிவானது. 1883 ஆகஸ்ட் 27 இந்தோனேசியாவின் கிரகடோவா எரிமலை வெடிப்பின் அலையை உலகெங்கும் இருந்த பாரோகிராஃப்கள் இதே போலத்தான் பதிவு செய்தன. அந்த அலை பூமியைத் திரும்பத் திரும்பச் சுற்றியது அப்படித்தான் தெரியவந்தது. அதற்குப் பிறகு இந்த அளவுக்கு வலுவான அழுத்த அலை டோங்காவிலிருந்துதான் வந்தது.

மாணவர்கள் கேட்ட கேள்வி: இது திடீரென்று வந்ததா?

இல்லை. ஹுங்கா டோங்கா-ஹுங்கா ஹாபாய் என்று இரட்டைப் பெயர் கொண்ட இந்த எரிமலையின் கதை நீண்டது.

பூமியின் மேலோட்டுப் பாறைத் தட்டுகளில் ஒன்றான பசிபிக் தட்டு மேற்கு நோக்கி நகர்ந்து டோங்கா அகழி என்ற ஆழ்கடல் பள்ளத்தில் செருகிக் கீழே இறங்குகிறது. அகழியின் வட முனையில் தட்டுகள் ஒன்றையொன்று நெருங்கும் வேகம் ஆண்டுக்கு 24 செ.மீ. வரை. பூமியில் அளந்த தட்டு வேகங்களில் இதுவே மிக அதிகமானவற்றுள் ஒன்று. இறங்கும் தட்டு கடல்நீர் ஊறிய பாறைகளையும் உள்ளே கொண்டுபோகிறது. ஆழத்தில் அந்த நீர் வெளியேறி, மேலிருக்கும் சூடான பாறையின் உருகுநிலையைக் குறைக்கிறது. அப்படி உருவாகும் கற்குழம்பு மேலேறிக் கடலடியில் வரிசையாக எரிமலைகளைக் கட்டுகிறது. ஹுங்கா அந்த வரிசையில் ஒன்று. டோங்காவின் தலைநகர் நுக்குஅலோபாவுக்கு வடக்கே சுமார் 65 கி.மீ. தொலைவில், கடல் தரையிலிருந்து 1,800 மீட்டருக்கு மேல் எழுந்து நிற்கிறது. அதாவது கோத்தகிரி மலை கடல்மட்டத்திலிருந்து நிற்கும் உயரமளவுக்கு ஒரு மலை, கிட்டத்தட்ட முழுக்கத் தண்ணீருக்குள்.

2014 டிசம்பருக்கு முன் வெளியே தெரிந்தவை இரண்டு மெலிந்த தீவுகள் மட்டுமே. குளத்தில் மூழ்கிய பெரிய பானையின் விளிம்பில் இரண்டு துண்டு மட்டும் நீருக்கு மேல் தெரிவது போல. பானையின் வாய், அதாவது உச்சி இடிந்து விழுந்து உண்டான பெருங்குழி, நீருக்கடியில் இருந்தது. ஏறக்குறைய கி.பி. 1100-இல் நடந்த ஒரு பெருவெடிப்பில் அந்தக் குழி உருவானதைத் தீவுகளில் படிந்த சாம்பல் அடுக்குகளிலிருந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அந்த அடுக்குகளில் கருகிக் கிடந்த மரத்துண்டுகளின் கரிமக் காலக்கணிப்பு அந்த ஆண்டுகளைக் காட்டியது.

1912, 1937, 1988 ஆண்டுகளில் சிறு வெடிப்புகள். 2009 மார்ச்சில் மீனவர்களும் விமானப் பயணிகளும் பார்க்கும் அளவுக்குக் கடலிலிருந்து கரும்புகையும் நீராவியும் சீறின. 2014 டிசம்பரிலிருந்து 2015 ஜனவரி வரை நீடித்த வெடிப்பில் 120 மீட்டர் உயரத்தில் ஒரு சாம்பல் கூம்பு எழுந்து இரண்டு தீவுகளையும் ஒன்றாக இணைத்தது. அலை சில மாதத்தில் கரைத்துவிடும் என்று எதிர்பார்த்தார்கள். அது ஆண்டுக்கணக்கில் நின்றது. பறவைகள் கூடு கட்டின, செடி முளைத்தது. செவ்வாய்க் கோளில் நீருக்குள் உருவான பழைய கூம்புகளைப் புரிந்துகொள்ள நாசா அறிவியலாளர்கள் அந்தப் புதுநிலத்தை ஆராய்ந்தார்கள்.

2021 டிசம்பர் 20-இல் மறுபடி தொடங்கியது. ஜனவரி முதல் வாரத்தில் அடங்கியது, 11-ஆம் தேதி ஓய்ந்துவிட்டது என்று அறிவித்தார்கள். 14-ஆம் தேதி பெரிதாகச் சீறியது. 15-ஆம் தேதி, அங்கே மாலை 5 மணியை ஒட்டி, எல்லாம் ஒரேயடியாக வெடித்தது. இந்த நான்கு நாள் இடைவெளியை நான் வகுப்பில் ஒவ்வொரு ஆண்டும் அழுத்திச் சொல்கிறேன். எரிமலை அடங்கியிருப்பது வேறு, முடிந்துபோவது வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். அதுவும் கடலுக்கடியில் இருப்பதைக் கண்காணிக்க, அங்கே அருகில் கருவிகள் இருக்க வேண்டும்.

சாம்பல் தூண் 57 கி.மீ. உயரம் போனது, செயற்கைக்கோள் படங்களில் அளக்கப்பட்டவற்றில் அதுவரை காணாத உயரம். முழு வெடிப்பில் ஏறக்குறைய 2 லட்சம் மின்னல்கள் கணக்கிடப்பட்டன, உச்சத்தில் நிமிடத்துக்கு 2,600. 10,000 கி.மீ. தள்ளி அலாஸ்காவில் ஓசை கேட்டது. வழக்கமாகப் பெரிய எரிமலைகள் கந்தக வாயுவைக் கொட்டிப் பூமியைச் சற்றுக் குளிரவைக்கும், 1991-இல் பிலிப்பைன்ஸின் பினாடுபோ போல. இது கந்தகத்தை மிகக் குறைவாகவும் நீராவியை ஏராளமாகவும் மேலே அனுப்பியது. படைமண்டலத்தில் (ஸ்ட்ராடோஸ்பியர்) இருந்த மொத்த நீராவியில் பத்தில் ஒரு பங்கு ஒரே நாளில் கூடியது. கடல்நீர் கற்குழம்போடு நேருக்கு நேர் கலந்ததன் விளைவு அது. பிறகு கப்பல்கள் அளந்தபோது, முன்பு நீருக்கடியில் 150 மீட்டர் ஆழமாக இருந்த குழியின் தரை 850 மீட்டருக்கு இறங்கியிருந்தது. சரிவில் பாய்ந்த சூடான கல்லும் சாம்பலும் கடல் தரையில் மணிக்கு 100 கி.மீ.-க்கு மேற்பட்ட வேகத்தில் ஓடி, டோங்காவை உலகோடு இணைத்த கடலடிக் கேபிளை அறுத்தன. வெளிநாட்டுத் தொடர்பு மீள ஐந்து வாரம் ஆனது.

ஐந்தாவது முடிவு: லைன் வீடுகளுக்குத் தாளை எடுத்துப் போவது

குரல் பதிவுக்கு மறுப்பாக இன்னொரு குரல் பதிவு அனுப்பலாம் என்று சிலர் சொன்னார்கள். நான் ஒப்பவில்லை. பதற்றமான குரலுக்கு முன்னால் நிதானமான குரல் ஓடாது. நேரில் போவது, கையில் தாளோடு போவது என்று கிளார்க்கும் மேஸ்திரியும் நானும் முடிவு செய்தோம். வேலை முடிந்து கொழுந்தை எடை போட்ட பிறகு, எடைக் கொட்டகைக்கு வெளியே இடைவெளி விட்டு நின்றபடி பேசினோம்.

சொன்னது மூன்றே விஷயம். முதலில் சுனாமி: டோங்கா பசிபிக்கில் இருக்கிறது, நமக்கும் அதற்கும் நடுவே ஆஸ்திரேலியாவும் இந்தோனேசியாவும் கிடக்கின்றன, நம் கரைக்கு ஆபத்தான அலை வரவில்லை. வெடிப்பு நடந்து இரண்டு நாள் ஆகிவிட்டது, வருவதானால் எப்போதோ வந்திருக்கும். காற்று அலை தூரக் கடல்களிலும் நீர்மட்டத்தைக் கொஞ்சம் அசைத்தது உண்மை. ஜப்பான் கரையில் எதிர்பார்த்த நேரத்துக்கு முன்பே நீர் ஏறியதும் அதனால்தான். இதையும் மறைக்காமல் சொன்னோம்.

இரண்டாவது நம் மலை: நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறை. பூமிக்குள் வெகு ஆழத்தில் சூட்டிலும் அழுத்தத்திலும் சமைந்து, 250 கோடி ஆண்டு வயதானது. மாயார் பக்கமும் பவானி பக்கமும் இருக்கும் பழைய முறிவு மண்டலங்களை ஒட்டி உயர்ந்து நிற்கிற மேட்டுநிலம் இது. அடியில் கற்குழம்பு கிடையாது. நம் நாட்டில் உயிரோடுள்ள எரிமலை அந்தமான் கடலில் உள்ள பேரன் தீவு மட்டும்.

மூன்றாவது விரிசல்: அது எரிமலை இல்லை என்பதற்காக அலட்சியம் செய்யக் கூடாது. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் மண் சரிந்து 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இந்த மலையில் பயப்பட வேண்டியது மழையில் ஊறிய மண்ணுக்கு.

கிளார்க் தாளைக் காட்டினார். “பயப்படாதீங்க, வந்தது வந்துட்டுப் போயிருச்சு. சனிக்கிழமை ராத்திரி நீங்க எல்லாம் டிவி பார்த்துட்டு இருந்தப்ப நம்ம தலைக்கு மேலேயே போயிருக்கு. யாருக்காவது ஏதாவது தெரிஞ்சுதா?” அந்த ஒரு மில்லிமீட்டர் வெட்டைப் பார்க்க எல்லாரும் வரிசையில் வந்தார்கள். என் பேச்சைவிட அதுதான் வேலை செய்தது.

மகளுக்காக அழுத அம்மா கடைசியில் கேட்டார்: “அங்க வெடிச்சதுக்கு இங்க காத்து அசைஞ்சா, அங்க இருந்த சனம் என்ன ஆச்சுங்க சார்?” அதுவரை அங்கே யாரும் கேட்காத கேள்வி. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் வாழும் நாடு. மாங்கோ என்ற சின்னத் தீவில் இருந்த வீடுகளெல்லாம் அலையில் போயின. இறந்தவர்கள் சிலர், பசிபிக்கின் மறுகரையில் பெருவிலும் இருவர் மூழ்கினார்கள். அத்தனை பெரிய வெடிப்புக்கு உயிரிழப்பு குறைவு. மேட்டுக்கு ஏறியவர்கள் தப்பித்தார்கள். கேபிள் அறுந்ததால் அந்தச் செய்தியே உலகுக்கு மெதுவாகத்தான் வந்தது. அன்று எனக்குத் தெரிந்தது பாதிதான், மீதியை வாரங்கள் கழித்து அவருக்குச் சொன்னேன்.

பின்விளைவு

மகள் நாகப்பட்டினத்திலேயே இருந்தார். தரை விரிசலை மேனேஜர் பார்க்கச் செய்தார். வீட்டுக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய் அடைத்திருந்ததுதான் காரணம். கால்வாயைத் தோண்டித் திருப்பிவிட்டார்கள். குரல் பதிவு மேலும் சில நாள் சுற்றிவிட்டு நின்றது.

பதிவேட்டில் “பேனா உதறல்” என்ற வரியைக் கிளார்க் அடிக்கவில்லை. அதன் கீழே புதுத் தேதி போட்டு, “மேற்படி உதறல் கருவிப் பழுது அல்ல. டோங்கா எரிமலையின் காற்றலை. இரவு 8.40” என்று எழுதிக் கையெழுத்திட்டார். பதிவேட்டைத் திருத்தும் முறை அதுதான் என்று மாணவர்களுக்குக் காட்டினேன். பழைய கருவியை எடுக்கும் யோசனையை மேனேஜர் கைவிட்டார். டிஜிட்டல் கருவி அதன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

இனி மாற்றிச் செய்வது

அலை பூமியை ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மூன்றாவது முறையாக நீலகிரியைக் கடந்தது, எங்கள் கணக்குப்படி, ஜனவரி 17 திங்கள் காலை 8 மணியை ஒட்டி. கிளார்க் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து தாளை மாற்றிக்கொண்டிருந்த அதே வேளை. பழைய தாளின் வாலிலும் புதுத் தாளின் தலையிலும் கை பட்ட நடுக்கம்தான் இருக்கிறது. திங்கள் இரவு 9.40-க்கு வந்திருக்க வேண்டிய நான்காவது, மேட்டின் உச்சியில் கரைந்துவிட்டது. ஏதோ இருப்பது போலத் தெரியும், அடித்துச் சொல்ல முடியாது. இதில் யாரையும் குறை சொல்ல இடமில்லை. ஆனால் தாளில் விளங்காத ஒன்றைப் பார்த்தால் புதுத் தாளைச் சுற்றியதும் அடுத்த சில நாட்களுக்குப் பெட்டியைத் திறக்காமல் விடுவது என்று இப்போது வழக்கமாக்கியிருக்கிறோம்.

நேரக்குறி இரண்டாவது மாற்றம். வாரத்தில் தொடக்கமும் முடிவும் மட்டும் இருந்தால் இடையில் கடிகாரம் சீராகப் பிந்தியது என்று நம்ப வேண்டியிருக்கிறது. இப்போது காலை 8.30-க்கு மழைமானி பார்க்கும்போதே பேனாக்கையை மெல்லத் தொட்டு ஒரு கீறல் விடுகிறார்கள். விடுமுறை நாளில் காவலாளி அதைச் செய்கிறார். அவருக்குச் சொல்லிக்கொடுக்க ஒரு காலை போதுமானதாக இருந்தது.

செல்போன்கள் பலவற்றில் அழுத்த உணரி இருக்கிறது. அந்த வாரம் யாருடைய போனும் பதிவு செய்துகொண்டிருக்கவில்லை. மன்றத்தில் இரண்டு பழைய போன்களை இதற்கென்றே ஒதுக்கி, ஒன்றைக் கோத்தகிரியிலும் ஒன்றைக் கீழே மேட்டுப்பாளையத்தில் ஒரு மாணவரின் அத்தை வீட்டிலும் வைத்திருக்கிறோம். மலையுச்சியிலும் அடிவாரத்திலும் ஒரே நேரத்தில் துள்ளினால் அது உள்ளூர்க் காற்று இல்லை என்று உடனே தெரிந்துவிடும். வாரம் ஒருமுறை இரண்டின் கடிகாரத்தையும் சரிபார்ப்பது எட்டாம் வகுப்பின் பொறுப்பு.